வால்டன் குளக்கரையில் ஒலிபெருக்கி எதற்கு?

சென்ற ஞாயிறன்று அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வால்டன் குளக்கரையில் நம் தமிழர்கள் சிலர் கூட்டமாக வந்து மாலைவரை ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டதைப் பற்றி நான் எழுதியதற்கு வந்த பதில்களை நீங்களும் படித்திருப்பீர்கள். நான் சொன்னது ஒன்றுதான்: அந்தக் காட்டுக்குள் ஒலிபெருக்கி வேண்டாம். கூட்டமாக வரக் கூடாது என்றோ, கட்டுச்சோறு கொண்டு வரக் கூடாது என்றோ, பிள்ளைகள் கத்தி விளையாடக் கூடாது என்றோ நான் எங்கும் எழுதவில்லை.

"பொது இடம்தானே, உங்கள் பெயருக்கா எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்கிறார். எமர்சன், ஃபோர்ப்ஸ், ஹேவுட் குடும்பத்தார் 1922-இல் அந்த நிலத்தை மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக்குக் கொடுத்தபோது, மக்கள் அங்கே குளிக்கலாம், படகு விடலாம், மீன் பிடிக்கலாம், உட்கார்ந்து உண்ணலாம் என்றே சொல்லிக் கொடுத்தார்கள். அந்த உரிமை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதே கரையில் 1866-இல் ரயில் நிறுவனம் அமைத்த கேளிக்கைப் பூங்கா ஒன்று இருந்தது. 1902-இல் அது எரிந்து போனபின் யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. கேளிக்கைக்கு ஊரெங்கும் இடம் இருக்கிறது. இப்படி ஒரு குளம் எத்தனை இடத்தில் இருக்கிறது?

"ரயில் சத்தம் மட்டும் இனிக்கிறதா?" என்பது அடுத்த கேள்வி. 1845-இல், பின்னாளில் 'வால்டன்' நூலை எழுதிய தோரோ அங்கே குடிசை போட்டுக் குடியேறியபோதும் குளத்தை ஒட்டி ஃபிட்ச்பர்க் ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது வரும், போய்விடும். ஒலிபெருக்கி மாலைவரை போகவில்லை.

"பிடிக்காவிட்டால் தள்ளிப் போயிருக்கலாமே" என்கிறவர்கள் அந்தக் குளத்தைச் சுற்றி நடந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். பனியுகத்தில் புதைந்த பெரும் பனிக்கட்டி உருகி விட்டுச்சென்ற பள்ளத்தில், நிலத்தடி நீர் ஊறி நிரம்பிய குளம் அது. முப்பது மீட்டருக்கு மேல் ஆழம், சுற்றிலும் மரங்கள் அடர்ந்த சரிவு. கரையோரப் பாதையில் எங்கே போய் நின்றாலும் தண்ணீரின் மேல் தவழ்ந்து வரும் பாட்டு எதிர்க்கரைவரை கேட்கிறது. எங்கே தள்ளிப் போவது?

அன்று அப்பாவும் உடன் வந்திருந்தார். ஊரிலிருந்து வந்த நாள் முதல் குடியிருப்புக்குள்ளேயே அடைந்து கிடந்தவர், பைன் மரங்களுக்கிடையே ஏதோ ஒரு பறவை கத்துவதைக் கேட்டுவிட்டு நின்றார். அவர் காதுக் கருவி அணிபவர். உரத்த இசையில் எல்லா ஒலியும் அவருக்கு ஒரே இரைச்சலாகிவிடும். பாட்டு தொடங்கியதும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திரும்பும்வரை நான் பேசிய எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. என் கோபம் அங்கேதான் தொடங்கியது.

"நம் பாட்டு என்பதால்தானே வெட்கப்படுகிறீர்கள், வெள்ளைக்காரர்கள் பாடியிருந்தால் வாய் திறந்திருப்பீர்களா?" என்று எழுதியவருக்கு: திறந்திருப்பேன். அந்தப் பாட்டு எனக்கு மனப்பாடம். அதைக் கேட்டு வளர்ந்தவளிடம் வந்து நீ நம்மவள் இல்லை என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வந்தது? இத்தனை வருடம் உங்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்தவள் நான். என் பதிவை நீக்கச் சொல்லித் தனியே செய்தி அனுப்பியவர்களுக்கும் இதுவே பதில்: நீக்க மாட்டேன்.