முன்வரிசையை விட்டுக்கொடுங்கள்

எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிக்குச் சீக்கிரமே போய் மேடைக்கு முன்னால் உள்ள கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கலைஞரின் முகம் பார்க்கத்தான் வந்தீர்கள் என்றால் தாராளமாக அங்கேயே நில்லுங்கள். ஒலியும் ஒளியும் வேண்டும் என்றால், அந்த அரங்கிலேயே மோசமான இடம் அதுதான்.

பெரிய மேடைகளில் முதன்மை ஸ்பீக்கர்கள் இருபுறமும் உயரத்தில் வரிசையாகத் தொங்கும். அவை குறிவைப்பது கூட்டத்தின் நடுவையும் பின்பகுதியையும். தடுப்போரம் நிற்பவரின் தலைக்கு மேலே அந்த ஒலி போய்விடும். மேடை விளிம்பில் இருக்கும் சின்னப் பெட்டிகள் கொடுப்பதுதான் அவருக்குக் கிடைக்கும். பேஸ் எனும் தாழ்ந்த ஒலியைத் தரும் சப்ஊஃபர்களோ தரையில், ஓரிரு மீட்டர் தூரத்தில். நெஞ்சு அதிரும், ஹை-ஹாட் எனும் சன்னமான தாளத் தட்டின் ஒலி எங்கோ கேட்கும், சிந்தசைசர் மெட்டு எது என்றே பிரித்தறிய முடியாது. பலரும் இதைத்தான் ‘செம பேஸ்’ என்று பாராட்டிவிட்டு வருகிறார்கள்.

பேஸ் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது. சப்ஊஃபர்களை இடது, வலது என்று இரண்டு குவியலாக வைத்திருந்தால், நட்டநடுக் கோட்டில் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பெருகும். பக்கவாட்டில் நகர்ந்தால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 5.7 மீட்டர். இரண்டு குவியல்களுக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தில் 2.85 மீட்டர் வித்தியாசம் வரும் இடத்தில், அந்த அதிர்வெண் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிக் எனும் கனமான தாள அடி காணாமல் போகும். சிஸ்டத்தைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. நான்கு எட்டு வைத்துத் தள்ளி நின்றால் திரும்ப வந்துவிடும். முதல் டிஜே வாசிக்கும்போது, கூட்டம் நெருக்குவதற்கு முன், பக்கவாட்டில் மெதுவாக நடந்து பாருங்கள். குழி எங்கே, மேடு எங்கே என்று காதே சொல்லிவிடும்.

அப்படியானால் எங்கே நிற்பது? மிக்ஸர் மேசைக்குச் சற்று முன்னால். ஒலிப் பொறியாளர் அங்கே நின்றுதான் ஒவ்வொன்றையும் சரிபார்க்கிறார், ஆகவே அவர் நினைத்த கலவை முழுமையாகக் கேட்பதும் அங்கேதான். மேசைக்குப் பின்னால் போகாதீர்கள், கூடாரமும் திரைகளும் பாதி மேடையை மறைத்துவிடும்.

இன்னும் பின்னால் போனால் வேறு சிக்கல். ஒளி உடனே வந்துவிடும். ஒலிக்கு 34 மீட்டர் கடக்க 100 மில்லி விநாடி வேண்டும். 128 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 128 பீட் ஓடும் பாட்டில் ஒரு பீட் 469 மில்லி விநாடி. 80 மீட்டர் தள்ளி நின்றால் ஒலி சுமார் 233 மில்லி விநாடி பிந்தும், அதாவது கிட்டத்தட்ட அரை பீட். கிக்கோடு விழ வேண்டிய ஸ்ட்ரோப் விளக்கின் மின்னல் இரண்டு கிக்குகளுக்கு நடுவில் விழும்! கூட்டத்தின் நடுவில் நிற்கும் டிலே டவர்கள் எனும் கூடுதல் ஸ்பீக்கர் கோபுரங்கள் இதைச் சரிசெய்யும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. செய்யாது. மேடையிலிருந்து வரும் ஒலியோடு ஒத்துப்போவதற்காகத்தான் அவற்றையே தாமதப்படுத்துகிறார்கள். ஒலி தெளிவாகும், தாமதம் அப்படியே இருக்கும். 40 மீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் உறுத்தாது.

ஒளிக்கும் இதே இடம்தான். காற்றில் மிதக்கும் மெல்லிய ஹேஸ் புகை இல்லாவிட்டால் லேசர் கற்றை கண்ணுக்கே தெரியாது. அந்தத் துகள்கள் ஒளியை அதிகம் சிதறடிப்பது முன்னோக்கித்தான். எனவே கற்றை உங்களை நோக்கி வரும்போதுதான் பளிச்சென்று தெரியும். முன்வரிசையில் அது தலைக்கு மேலே ஓடிவிடும். திறந்தவெளியில் காற்று அடித்தால் ஹேஸ் கலைந்து லேசரும் காணாமல் போகும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. எல்இடி சுவரை முழுப் பிரகாசத்தில் வைத்து மற்ற விளக்குகளை எல்லாம் கழுவித் தள்ளுவதற்கு மட்டும் மன்னிப்பே கிடையாது.

மேசை அருகே இன்னொரு லாபம், லைட் ஆபரேட்டரின் விரல்களைப் பார்க்கலாம். எந்த நொடியில் எந்த விளக்கு என்று முன்பே குறித்து, முழு செட்டையும் ஒரே டைம்கோடில் பூட்டிவிட்டால் துல்லியம் அபாரமாக இருக்கும், ஆனால் மேடையில் இருப்பவர் மனம் போனபடி எதையும் மாற்ற முடியாது. கையால் ஓட்டும் நல்ல ஆபரேட்டர்தான் எனக்கு உயர்வு. பரபரப்பை ஏற்றிக்கொண்டே போகும் 16 பார் (64 பீட்) பில்ட்-அப் என்பது 128 பிபிஎம்மில் சரியாக 30 விநாடி. அந்த 30 விநாடியும் ஸ்ட்ரோப்பை அள்ளி இறைத்தால் அதன் முடிவில் இசை வெடிக்கும் டிராப்புக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. நல்லவர் படிப்படியாகக் குறைத்து, கடைசி பீட்டில் முழு இருட்டாக்கி, அப்புறம் திறந்துவிடுவார்.

ஸ்ட்ரோப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டுதல் விநாடிக்கு 4 மின்னலுக்குள் வைக்கச் சொல்கிறது. 128 பிபிஎம்மில் அரை பீட்டுக்கு ஒன்று என்றாலே அது தாண்டிவிடும். ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்கள் கண்ணை மூடினால் போதாது, இமை வழியாகவும் ஒளி புகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுக்க மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

காதுக்கு: உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரப்படி 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது. நுரை அடைப்பான் உயர் ஒலிகளை அதிகம் தின்றுவிடும், இசை மந்தமாகக் கேட்கும். ஃபில்டர் வைத்த இசை அடைப்பான் எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், கூடுதல் காசு அதற்குத்தான். போனை லேசர் வரும் திசையில் மட்டும் நீட்டாதீர்கள். கற்றை ஒரு முறை லென்ஸுக்குள் நேராக விழுந்தாலே சென்சார் கருகிவிடலாம், பிறகு எடுக்கும் எல்லாப் படத்திலும் அந்தக் கோடு இருக்கும்.