முதலையை நம்பிப் பன்றியை விட்டுவிட முடியாது
புளோரிடா சதுப்புநிலங்களில் காட்டுப்பன்றிகளை முதலைகளே பார்த்துக்கொள்ளும், பொறிக்கூண்டு தேவையில்லை என்ற கட்டுரையாளரின் வாதம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. 1539இல் ஸ்பானிய நாடுகாண் பயணி எர்னாண்டோ டி சோட்டோவின் கப்பல்களில் பன்றிகள் வந்திறங்கின. அன்று முதல் முதலைகளும் அங்கேயேதான் இருக்கின்றன, பன்றிகள் குறைந்தனவா? கண்ணும் மூக்கும் மட்டும் தெரியக் கிடக்கும் அலிகேட்டர் என்ற அந்த முதலை, கரையோரம் வரும் பன்றிக்குட்டியைச் சட்டென்று கவ்வி இழுத்துவிடும், உண்மைதான். ஆனால் வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது பெரும்பாலும் இரை தேடுவதில்லை. பன்றிக்கு அப்படி ஓய்வுக்காலமே கிடையாது. அதைவிட முக்கியமானது ஒன்று: தாய் முதலை செடிகொடிகளையும் சேற்றையும் குவித்துக் கட்டிய கூட்டைப் பன்றி மூக்கால் கிளறி முட்டைகளைத் தின்றுவிடுகிறது. இதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லாதது பெருங்குறை.