கிழமைக்கு ரெண்டு சிஃப்டைத் தந்துபோட்டு, வேலை இருக்குத்தானே எண்டுறாங்கள்

வேலை முழுசாப் போன ஆளுக்கு கனடாவில ஒரு வழி இருக்கு. வேலை முழுசா இருக்கிற ஆளுக்கு வழி தேவையில்லை. நடுவில தொங்குற ஆளுக்கு ஒண்டுமே இல்லை. ரொறன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலயும் மார்க்கத்திலயும் பிரம்டனிலயும் வெயர்ஹவுசிலயும் பக்கிங் லைனிலயும் நிண்டு உழைக்கிற எங்கட சனத்திட்டக் கேட்டுப் பாருங்கோ. நாப்பது மணித்தியாலம் செய்த ஆக்களுக்கு இப்ப கிழமைக்குப் பதினாறு மணித்தியாலம். சில கிழமை அதுவும் இல்லை. வீட்டு வாடகையையும் கார் இன்சூரன்சையும் ஆரும் பதினாறுக்கு ஏத்த மாதிரிக் குறைச்சு வாங்குறேல்லை.

"ஈ.ஐ.க்கு அப்ளை பண்ணுங்கோவன்" எண்டு எல்லாரும் லேசாச் சொல்லிப் போடுவினம். ஈ.ஐ. எண்டது வேலை போற நேரத்துக்கு எண்டு எங்கட சம்பளத்தில பிடிக்கிற அரசாங்கக் காப்புறுதி (Employment Insurance). அப்ளை பண்ணினால் என்ன நடக்கும் எண்டு சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ.

ஈ.ஐ. ரெகுலர் பெனிபிட், அதாவது வேலை இல்லாமல் போனவைக்குக் குடுக்கிற காசு, வேணுமெண்டால் உங்கட உழைப்பு தடைப்பட்டிருக்க வேணும். தடைப்பட்டது எண்டு சட்டம் எதைச் சொல்லுது? அந்த முதலாளியிட்ட தொடர்ந்து 7 நாள் வேலையும் இருக்கக் கூடாது, அந்த நாளுக்குச் சம்பளமும் இருக்கக் கூடாது. ஆறாம் நாள் ஒரு போன் வந்து, "இண்டைக்கு நாலு மணித்தியாலம் வர ஏலுமோ?" எண்டு கேட்டு நீங்கள் போனால், எண்ணிக்கை திரும்ப ஒண்டில இருந்து. அடுத்த கிழமையும் அப்பிடி. அதுக்கடுத்த கிழமையும் அப்பிடி. அரைவாசிக்கு மேல சம்பளம் போட்டுது, ஆனால் சட்டத்தின்ர கண்ணுக்கு உங்கட உழைப்பு தடைப்படவே இல்லை.

இதில பெரிய அநியாயம் எங்க இருக்கெண்டு கணக்கோட காட்டுறன். கிழமைக்கு 800 டொலர் எடுத்த ரெண்டு பேர், ஒரே பக்டரி எண்டு வையுங்கோ. ஈ.ஐ. சராசரிச் சம்பளத்தில 55 வீதம், ஆக 440 டொலர். (ஆகக் கூடினது 2025ல கிழமைக்கு 695.) முதல் ஆளுக்கு லேஓஃப் (வேலை இல்லையெண்டு நிப்பாட்டுறது) வந்து 7 நாள் இடைவெளி விழுந்திட்டுது, அவர் ஈ.ஐ. கிளெய்ம் திறந்திட்டார். பிறகு அதே பக்டரி அவரைக் கிழமைக்கு ரெண்டு நாள் கூப்பிடுது, 300 டொலர் உழைக்கிறார். அதில அரைவாசி, 150ஐ ஈ.ஐ.யில கழிப்பினம். மிச்சம் 290 வரும். சம்பளத்தோட சேத்து 590. இப்பிடி உழைக்கிற காசு முந்தின சம்பளத்தில 90 வீதம் ஆகும் வரைக்கும் இந்த அரைவாசிக் கணக்குத்தான், அதுக்கு மேல டொலருக்கு டொலர் வெட்டுவினம். 2018 ஓகஸ்டில இதை நிரந்தரமாக்கினவை, நல்ல விதி, நான் குறை சொல்லேல்லை.

ரெண்டாவது ஆளுக்கு லேஓஃப் எண்டு ஒண்டும் சொல்லேல்லை, மணித்தியாலத்தை மட்டும் வெட்டினவை. அவரும் அதே ரெண்டு நாள், அதே 300 டொலர். அவருக்கு ஈ.ஐ. சதமும் இல்லை. ஒரே மெசின், ஒரே சிஃப்ட், பக்கத்தில பக்கத்தில நிக்கினம். ஒருத்தர் 590ஓட வீட்ட போறார், மற்றவர் 300ஓட போறார். என்ன குற்றம் செய்தவர் அந்த மனுசன்? கூப்பிட்ட நேரம் வேலைக்குப் போனதோ?

என்னோட வேலை செய்த அக்கா ஒருத்தி ஆக்களை வேலைக்கு அனுப்புற ஏஜென்சிக்குள்ளால வந்தவ. குளிர் தொடங்க சிஃப்ட் குறைஞ்சு குறைஞ்சு, கடைசியில சில கிழமை ஒண்டுமே இல்லை. 7 நாள் தாண்டினவுடன ஆர்.ஓ.ஈ. (செய்த வேலையும் நிண்ட காரணமும் எழுதி முதலாளி குடுக்கிற பத்திரம்) கேட்டவ. "நீங்கள் இன்னும் எங்கட லிஸ்டில இருக்கிறியள், பிறகேன் ஆர்.ஓ.ஈ.?" எண்டு ஒரு சின்னப் பெடியன் போனில வெருட்டினவன். லிஸ்டில பேர் இருந்தால் அடுப்பு எரியுமோ? அக்கா விடாமல் திரும்பத் திரும்பக் கேட்டா. அனுப்பினாங்கள். எப்பிடித் தெரியுமோ? காரணத்துக்கு வேலை குறைவு எண்டு 'ஏ' (A) போட வேண்டிய இடத்தில 'ஈ' (E) போட்டு, தானாக விட்டிட்டுப் போனவ எண்டு. ஏனெண்டால் ஒரு நாள், பஸ் ஓடாத நேரத்து நைட் சிஃப்டுக்கு ஏலாது எண்டு சொன்னவவாம். ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்தால கிளெய்ம் நிண்டு, மனுசி தங்கச்சியிட்டக் கடன் வாங்கி வாடகை கட்டினா. பதினைஞ்சு வருசமா ஒவ்வொரு சம்பளத்திலயும் ஈ.ஐ. கட்டின மனுசி!

கட்டுறதைப் பற்றிச் சொல்ல வந்தால் எனக்கு இன்னும் ஏறுது. 1997க்கு முந்தி, கிழமைக்கு 15 மணித்தியாலத்துக்குக் குறைஞ்ச வேலையளைப் பொதுவாக் கணக்கிலயே எடுக்கிறேல்லை. பிறகு முதல் மணித்தியாலத்தில இருந்தே காப்புறுதி எண்டு மாத்தி, முதல் டொலரில இருந்தே பிரீமியம், அதாவது காப்புறுதிக் கட்டணம், எடுக்கத் தொடங்கினவை. 2025ல 100 டொலருக்கு 1 டொலர் 64 சதம் தொழிலாளியிட்ட, அதை விட 1.4 மடங்கு முதலாளியிட்ட. எடுக்கேக்க ஒவ்வொரு மணித்தியாலத்தையும் எண்ணத் தெரியுது. அந்த மணித்தியாலம் பறிபோகேக்க மட்டும் ஏன் எண்ணாயினம்?

இதுக்குத்தான் வேர்க் ஷெயரிங் இருக்குதே எண்டு படிச்ச ஆக்கள் வந்து சொல்லுவினம். இருக்குது. மணித்தியாலத்தைக் குறைச்சு, குறைஞ்சதுக்கு ஈ.ஐ. குடுக்கிற திட்டம். ஆனால் விண்ணப்பத்தில முதலாளி கையெழுத்து வைக்க வேணும், தொழிலாளர் சம்மதிக்க வேணும், அரசாங்கம் அங்கீகரிக்க வேணும். உங்கட மனேஜருக்கு அந்த மினக்கேடு விருப்பமில்லை எண்டால் முடிஞ்சுது. ஏஜென்சி ஆக்களுக்கும், கூப்பிட்டால் வாற ஆக்களுக்கும் அது பொதுவாக் கிடையாது. ஆருக்கு மணித்தியாலம் முதல் வெட்டுப்படுதோ, அவைக்குத்தான் அந்தத் திட்டம் இல்லை.

கிளெய்ம் கிடைச்ச ஆக்கள் நிம்மதியோ எண்டால் அதுவும் இல்லை. ரெண்டு கிழமைக்கு ஒருக்கா றிப்போர்ட். ஞாயிறில இருந்து சனி வரைக்கும் ஒரு கிழமை. எந்தக் கிழமை உழைச்சியளோ அந்தக் கிழமையில, வரி வெட்ட முந்தின தொகையைப் போட வேணும், காசு கைக்கு வந்த கிழமையில இல்லை. ஆனால் உங்கட கொம்பனியின்ர பே பீரியட் புதனில தொடங்கிச் செவ்வாயில முடியும். பே ஸ்டப்பைப் பாத்துப் போட்டால் பிழை. பாக்காமல் குத்துமதிப்பாப் போட்டாலும் பிழை. முதலாளி குடுத்த கணக்கோட ஒத்துப் பாத்து, பொருந்தேல்லை எண்டால், எல்லாம் மறந்து போன காலத்தில கடிதம் வரும், கூடுதலா வாங்கின காசைத் திருப்பிக் கட்டு எண்டு. 36 மாசம் பின்னால போகலாம். பொய் சொன்னியள் எண்டு நினைச்சால் 72 மாசம். இங்கிலீசில ஒரு பாரம் நிரப்பப் பிள்ளையைக் கூப்பிடுற அம்மாமார் இதுக்குள்ள என்ன செய்வினம்?

இந்தப் பயத்தில கனபேர் வாற சிஃப்டையும் வேண்டாம் எண்டுகினம். "ஒரு டொலர் உழைச்சாலும் எல்லாத்தையும் வெட்டிப்போடுவாங்கள்" எண்டு ஆரோ கடையில நிண்டு சொன்னதை நம்பி. அப்பிடி இல்லை, மேல கணக்குக் காட்டினனான். பொருத்தமான வேலையை மறுத்தாலும், எடுத்த பகுதிநேர வேலையைச் சரியான காரணம் இல்லாமல் விட்டாலும் கிளெய்முக்கே ஆபத்து. தெரியாமல் கதைக்கிற ஆக்கள் தயவுசெய்து வாயை மூடுங்கோ, மற்றவன்ர சோத்தில கை வைக்காதேங்கோ.

வேலை போன ஆக்கள் ஆர்.ஓ.ஈ. வரட்டும் எண்டு காத்திருக்க வேண்டாம். கடைசி நாளில இருந்து 4 கிழமைக்குள்ள அப்ளை பண்ணுங்கோ, பே ஸ்டப்புகளை எறியாதேங்கோ. ஒவ்வொரு நாளும் வேலை முடியேக்க மணித்தியாலத்தை உங்கட கையால எழுதி வையுங்கோ. மறுத்துக் கடிதம் வந்தால் 30 நாளுக்குள்ள மறுபரிசீலனை கேக்கலாம், அதுவும் சரிவரேல்லை எண்டால் ட்ரிபியூனலுக்குப் போகலாம். போனில ஆளைப் பிடிக்க ஏலாட்டி உங்கட எம்.பி. ஒபிசுக்குப் போங்கோ, விசாரிச்சுச் சொல்லுவினம். அந்த அக்காவும் மறுபரிசீலனையிலதான் வெண்டவ. அதுக்குள்ள ஒரு குளிர்காலம் போட்டுது.

ஆனால் இதெல்லாம் கிளெய்ம் திறக்க முடிஞ்ச ஆக்களுக்கு. மணித்தியாலம் வெட்டுப்பட்ட ஆளுக்கு எந்த மறுபரிசீலனையும் உதவாது, சட்டமே அப்பிடி. மாத்த ஏலாத சட்டமோ? இல்லை. வருத்தம் வந்தால், பிள்ளை பிறந்தால், இதே ஈ.ஐ. சட்டம் 7 நாள் கேக்கிறேல்லை. கிழமை உழைப்பு 40 வீதத்துக்கு மேல குறைஞ்சால் போதும் எண்டு சொல்லுது. அந்தக் கணக்குப் பார்க்க அவைக்கு வடிவாத் தெரியும். கொம்பனி வெட்டினால் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது?

2016ல பாராளுமன்றம் தை (ஜனவரி) மாதத்தைத் தமிழ் மரபுத் திங்கள் எண்டு அறிவிச்சது. ஒவ்வொரு தையும் எம்.பி.மார் எங்கட மேடையளுக்கு வருகினம், சால்வை போடுறம், படம் எடுக்கிறம். இந்த முறை சால்வையோட இந்தக் கேள்வியையும் குடுங்கோ. சம்பளம் 40 வீதத்துக்கு மேல குறைஞ்சால் உழைப்பு தடைப்பட்டது எண்டு வருத்தக்காரருக்கு ஒத்துக்கொள்ளுற சட்டம், சிஃப்ட் வெட்டுப்பட்டவருக்கு ஏன் ஒத்துக்கொள்ளேல்லை? பதில் சொல்லும் வரைக்கும் அடுத்த நிகழ்ச்சிக்குப் போக வேண்டாம்.