வவுனியாவில் வேலை செய்கிறவர்களுக்கு வவுனியாவில் ஒரு பரப்புக் காணி இல்லை

வவுனியா நகரத்தை நாளாந்தம் இயக்குகிற மனிதர்களால் இந்த நகரத்துக்குள் ஒரு துண்டுக் காணி வாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரித் தாதி, ஆசிரியர், பஸ் சாரதி, மேசன், புடைவைக் கடையில் நிற்கிற பிள்ளை, யாரை எடுத்தாலும் இதே கதைதான். குருமன்காடு, வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், இறம்பைக்குளம் என்று நாலு பக்கமும் விசாரித்துப் பாருங்கள். தரகர் பத்துப் பேர்ச் கொண்ட ஒரு பரப்புக்கு இத்தனை லட்சம் என்று சொல்லிவிட்டு மூச்சு விடாமல் அடுத்ததையும் சொல்வார்: "வெளிநாட்டுக்காரர் ஒராள் கேட்டு வச்சிருக்கிறார். நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ." வாங்க முடியாது என்று தெரிந்துதான் அந்த 'நாளைக்குள்ள' வருகிறது. கேட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறோம்.

நாங்கள் வைரவபுளியங்குளத்தில் வாடகைக்கு இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் நல்ல மாடி வீடு ஒன்று வருடக் கணக்காகப் பூட்டியே கிடக்கிறது. கேற்றில் பெரிய ஆமைப்பூட்டு. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால், முற்றத்தில் விழுந்த தேங்காய்கள் எடுக்க ஆளில்லாமல் விழுந்த இடத்திலேயே முளைத்து முழங்கால் உயரத்துக்கு நிற்பது தெரியும். வீட்டுக்காரருக்காகக் கையெழுத்துப் போடுகிற அற்றோணித் தத்துவம் வைத்திருக்கிற உறவினர் எப்போதாவது வந்து தண்ணீர் மோட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அதற்குப் பக்கத்தில் மதில் மட்டும் எழுப்பிய வெறும் காணி, உள்ளே ஆளுயரப் பற்றை. மாரி தொடங்கினால் அங்கிருந்துதான் நுளம்பு. டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேற்றைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அதே ஒழுங்கையில் இன்னொரு வீட்டின் பின்பக்கம் தகரம் இறக்கிய இரண்டு அறைகளில் ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று இருக்கிறது. குசினி வெளியே, கழிவறை வீட்டுக்காரரோடு பொது. வேலையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இங்கேயே என்பதால் அந்த இரண்டு அறைகளை விட்டு அவர்களுக்கு வேறு வழியில்லை.

இந்த ஊருக்கு இட நெருக்கடி புதிதல்ல. 1990க்குப் பிறகு வடக்கு ரயில் வவுனியாவோடு நின்றது. இடம்பெயர்ந்து வந்த சனம் பூந்தோட்டத்திலும் சிதம்பரபுரத்திலும் முகாம்களில் கிடந்தது. தெற்கே போக 'பாஸ்' என்ற பயண அனுமதி வேண்டும். அது கிடைக்கும்வரை லொட்ஜ் அறைகளிலும் சொந்தக்காரர் வீட்டு விறாந்தைகளிலும் ஆட்கள் நெருக்கியடித்துப் படுத்தார்கள். ஆனால் அன்று வந்தவர்களில் நிறையப் பேர் எப்படியாவது இதைக் கடந்து போய்விட வேண்டும் என்று வந்தவர்கள். இன்று வருகிறவர்கள் இருக்க வருகிறார்கள். போர் முடிந்தது, 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வரை போனது, 2021இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமானது, நகர சபை மாநகர சபையானது. முல்லைத்தீவு, மன்னார், கிளிநொச்சிப் பக்கத்துக் குடும்பங்களும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் வைத்தியத்துக்காகவும் இங்கே வீடு தேடுகின்றன. ஊர் வளர்வது நல்லது. நானும் அதை விரும்புகிறவன்தான். அந்த வளர்ச்சியின் விலையைச் சம்பளக்காரர் மட்டும் சுமப்பதுதான் நெஞ்சில் குத்துகிறது.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனத்தின் மேல் கோபம் வைத்து இதை எழுதவில்லை. முகாமை விட்டு வெளியே வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் தகரமும் முதல் பசுவும் வந்தது அவர்கள் அனுப்பிய காசில். குளிருக்குள் இரவு வேலை செய்து மிச்சம் பிடித்தவர் ஊரில் ஒரு வளவு வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன பிழை? ஆனால் 2022இல் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சமாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவுக்குப் போனது. அங்கே சேர்த்து வைத்த அதே காசுக்கு இங்கே ஒன்றரை மடங்குக்கும் மேலான பெறுமதி. இங்கே சம்பளம் அதே ரூபாவில் நின்றது. சீமெந்துப் பை 3,000 ரூபாவைத் தொட்டது. வங்கிக் கடன் வட்டி 20 வீதத்தைத் தாண்டியது. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 வீதமானது. அத்திவாரத்தோடு வீட்டு வேலையை நிறுத்தினவர்கள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அந்த அத்திவாரங்களுக்குள் இப்போது பயிற்றங்காய்ப் பந்தல் போட்டிருக்கிறார்கள்.

இப்போது வட்டி இறங்கிவிட்டதே, கடன் எடுக்கலாமே என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 30 லட்சம் ரூபாவை 12 வீத வட்டிக்கு 20 வருடத்தில் கட்டி முடிப்பதென்றால் மாதம் சுமார் 33,000 ரூபா. முடிகிறபோது கட்டியிருப்பது 79 லட்சத்துக்கும் மேல். சரி, அதையும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் செலுத்தலாம் என்று வைத்துக்கொள்வோம். அந்த 30 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகரத்துக்குள் காணியும் வாங்கி வீடும் கட்ட முடியுமா? தரகர்கள் சொல்கிற விலைக்குக் காணிக்கே அது காணாது.

அப்படியென்றால் வெளியே போங்கள் என்பார்கள். வெளியே போகப் போக வேறொரு சிக்கல். வன்னியில் பெரும் பகுதி அரச காணி. உறுதி எழுதிய தனியார் காணி ஒரு விலை, அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி ஒரு விலை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணியை உரிய அனுமதியில்லாமல் விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. அதை நம்பி வங்கி கடன் தராது. ஆகவே மலிவான காணி எதுவோ அதற்குக் கடன் கிடைக்காது, கடன் கிடைக்கிற காணி எட்டாத விலை. இடையில் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பெர்மிட் காணியைக் கைமாற்றுகிறார்கள். கொடுத்தவரின் பிள்ளைகள் பத்து வருடம் கழித்து வந்து நின்றால், வாங்கினவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து இந்த மாவட்டத்தின் காட்டோரங்களில் குடியேறிய குடும்பங்களில், அந்த மண்ணிலேயே பேரப்பிள்ளையும் கண்டு இன்னும் ஒழுங்கான பத்திரம் இல்லாமல் இருப்பவர்கள் உண்டு. காணி விலை ஏறுகிறது என்று நாங்கள் பேசுகிறபோது அவர்கள் அந்தப் பேச்சிலேயே வருவதில்லை.

வாடகை வீடு தேடிப் போனாலும் யார், எங்கிருந்து வந்தவர் என்பது முன்னால் வந்து நிற்கும். "எத்தனை பேர், என்ன வேலை" என்று கேட்ட பிறகு "எந்த ஊர்?" என்று ஒரு கேள்வி வரும். எதற்காகக் கேட்கிறார்கள் என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். பதில் பிடிக்காவிட்டால் "சொந்தக்காரர் வாறதாச் சொன்னவை" என்று கேற் மூடிவிடும். இத்தனை இடப்பெயர்வுக்குப் பிறகும், ஒரே முகாமில் ஒரே வரிசையில் தண்ணீருக்கு நின்ற பிறகும், எங்களுக்குள் சாதியும் ஊரும் பார்த்து அறை கொடுக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வெட்கம்.

அப்புறம் தண்ணீர். இந்த ஊரின் குறிச்சிகளில் பாதி குளத்தின் பெயரில்தான் இருக்கின்றன. குளமும் அதன் கீழ் வயலும் என்று இருந்த மண். வயல் காணியை நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டு 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி எழுத்தில் அனுமதி வேண்டும். ஆனாலும் காணி விலை ஏற ஏறப் பள்ளக் காணிக்குள் கிறவல் டிப்பர்கள் இறங்குகின்றன. நாலு லோட் கொட்டி மட்டம் பண்ணி, நாலு துண்டாக்கிக் கல்லுப் போட்டால் அது வீட்டுக் காணி. கோடையில் வாங்குகிறவருக்கு அது பள்ளம் என்றே தெரியாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை வந்தபோது வன்னி முழுக்க வெள்ளம். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடித்தான் வரும். குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று கடன்பட்டு அங்கே வீடு கட்டினவர்களின் வீட்டுக்குள்தான் அது முதலில் வரும். குடிக்கிற தண்ணீர் இன்னொரு செலவு. இந்த மாவட்டத்தில் சிறுநீரக நோய்க்குப் பயந்து கிணற்றுத் தண்ணீரை விட்டுவிட்டுக் கான் கானாகச் சுத்திகரித்த தண்ணீர் வாங்குகிற வீடுகள் ஏராளம். வாடகைக் கணக்கில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை.

என்ன செய்யலாம்? நான் சட்டத்தரணியோ பொருளியல் படித்தவனோ இல்லை. ஆனால் சில விசயங்களை உறுதியாக நம்புகிறேன். நகரத்துக்குள் வருடக் கணக்காகச் சும்மா கிடக்கிற காணிக்கும் பூட்டிய வீட்டுக்கும் மாநகர சபை அறவிடுகிற சோலைவரியைக் கூட்ட வேண்டும். வீதி, விளக்கு, வடிகால் எல்லாம் பொதுக் காசில் வந்துதான் அந்தக் காணிக்கு இந்த விலை வந்தது. போரில் ஆளைத் தொலைத்துவிட்டு உரிமை மாற்ற முடியாமல் இருப்பவர்கள், வழக்கில் மாட்டிய காணிகள், கணவரை இழந்தவர்களின் காணிகள், இவற்றுக்கு விலக்குக் கொடுக்கலாம். பெர்மிட் காணியில் தலைமுறையாக இருப்பவர்களுக்கு உரிமையை நிரந்தரமாக்குகிற அளிப்புப் பத்திரம் கொடுக்கிற வேலையைத் தேர்தலுக்குத் தேர்தல் மேடை போட்டுச் செய்யாமல் எப்போதும் நடக்கிற அலுவலாகச் செய்ய வேண்டும். பள்ளக் காணியைத் துண்டு போடுகிறபோதே தடுக்க வேண்டும், வீடு எழும்பின பிறகு வந்து நோட்டீஸ் ஒட்டுவதால் பயனில்லை.

வெளிநாட்டில் இருக்கிற உறவுகளிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். வாடகைக்குக் கொடுத்தால் எழும்ப மாட்டார்கள் என்ற பயத்தில்தான் நிறைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தால் வீட்டை மீட்க முடியாமல் அலைந்த கதைகளை நானும் கேட்டிருக்கிறேன், அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நல்ல சட்டத்தரணியிடம் ஒழுங்காக ஒப்பந்தம் எழுதி, வேலையும் பின்னணியும் தெரிந்த குடும்பமாகப் பார்த்துக் கொடுத்தால் அந்தப் பயத்தில் பெரும் பகுதி குறையும். வீடும் பாழாகாது, கிணறும் இறைபடும். மேல்மாடியை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு கீழ் வீட்டை மட்டும் கொடுத்தாலும் போதும். முற்பணம் என்று ஒரு வருட வாடகையை மொத்தமாகக் கேட்காதீர்கள், சம்பளக்காரரிடம் அது இருக்காது.

ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து விடியப்புறம் ஸ்கூட்டியில் ஓமந்தைப் பக்கம் போகிற தாதி ஒருவர் இப்போது நகரத்துக்குள் வீடு தேடுகிறார், இரண்டு சின்னப் பிள்ளைகள். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவரும் குடும்பத்தோடு தேடுகிறார். வைரவபுளியங்குளம், குருமன்காடு, தோணிக்கல் பக்கம் யாருக்காவது கொடுக்கக்கூடிய வீடு இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், தொடர்பு எடுத்துத் தருகிறேன். தரகு இல்லை.