அந்தப் பாட்டுக்கு இரண்டாவது வரியும் இருக்கிறது

நேற்று சாயங்காலம் கும்பகோணத்தில் பாசஞ்சர் ஏறித் தஞ்சாவூர் வந்து சேர்வதற்குள் ஒரே பாட்டின் ஒரே வரியை முப்பத்தெட்டு தடவை கேட்டுவிட்டேன். எண்ணிக்கொண்டேதான் வந்தேன். எதிர் சீட்டில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் ரீல்ஸ் பார்க்கிற ஆள் உங்களுக்கும் வாய்த்திருப்பார், அதனால் அவரைப் பற்றி விளக்கம் வேண்டாம்.

தாராசுரத்தில் ஆரம்பித்தது. வரப்பில் நாற்றுமுடியைத் தூக்கிக்கொண்டு வரும் ஒரு பையன் வழுக்கிச் சேற்றில் விழுகிறான். படம் அப்படியே நின்று கறுப்பு வெள்ளையாகிறது. மெல்லிய கிட்டார், 'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' என்ற இங்கிலீஷ் பாட்டில் இருட்டைப் பழைய சிநேகிதனே என்று கூப்பிடும் அந்த முதல் வரி, அதோடு வெட்டு. அவர் குலுங்கிச் சிரிக்கிறார். அடுத்ததில் கல்யாணப் பந்தியில் ஒருத்தர் இலையில் பாயசம் விழுவதற்குள் பந்தி முடிந்துவிடுகிறது, கறுப்பு வெள்ளை, அதே கிட்டார், அதே வரி, வெட்டு. அதற்கடுத்து பரீட்சை ரிசல்ட். அப்புறம் ரன் அவுட். சுந்தரப்பெருமாள் கோயிலில் வண்டி நின்றபோது பதினொன்று ஆகியிருந்தது. அவருக்குப் பிடித்த, பையன் சேற்றில் விழுகிற ரீலை மறுபடி மறுபடி தள்ளிப் பார்த்தார்.

பாபநாசத்தில் பொறுக்க முடியாமல், "அண்ணே, கொஞ்சம் சத்தத்தைக் குறைச்சுக்கங்களேன்" என்றேன்.

"ஏன் தம்பி, காமெடிப் பாட்டுதானே."

காமெடிப் பாட்டு! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இதுக்கு மேலயும் பாட்டு இருக்குண்ணே" என்றேன். போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: "இதுல இவ்வளவுதான் தம்பி இருக்கு."

அவரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, அவருக்கு வந்து சேர்ந்தது ஏழு விநாடி. இந்தப் பாட்டை எழுதிய அமெரிக்கப் பாடகர் பால் சைமன் இளவயதில் பெற்றோர் வீட்டுக் குளியலறைக்குள் போய், விளக்கை அணைத்துவிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுகிற சத்தத்தில் கிட்டார் வாசிப்பாராம், ஓடு பதித்த சுவரில் பட்டு ஒலி திரும்பி வரும் என்பதற்காக. அந்த இருட்டிலிருந்து வந்த வரி இது. இன்றைக்கு யாராவது வழுக்கி விழுந்தால்தான் அது ஒலிக்கிறது.

'தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்' பாட்டில் மற்றவர்கள் கைவைத்ததே இல்லையா என்று கேட்பீர்கள். வைத்தார்கள். 1964-ல் வெறும் கிட்டாரோடு சைமனும் அவரோடு ஜோடியாகப் பாடிய கார்ஃபங்கலும் பாடியது விலைபோகவில்லை, சைமன் இங்கிலாந்துக்குப் போய்விட்டார், கார்ஃபங்கல் கல்லூரிக்குத் திரும்பினார். 1965 ஜூனில் தயாரிப்பாளர் டாம் வில்சன் இவர்கள் இரண்டு பேரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எலெக்ட்ரிக் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் மேலே ஏற்றி, செப்டம்பரில் வெளியிட, 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம். நாட்டுப்பாடல் ராக் இசையோடு கலந்து ஃபோக் ராக் ஆன கதை. கேட்காமல் செய்தது தப்புதான், ஆனால் வில்சன் சேர்த்தாரே தவிர ஒரு வரியைக்கூட வெட்டவில்லை. 1967-ல் 'தி கிராஜுவேட்' படத்தின் கடைசிக் காட்சியில், ஓடிவந்து பஸ் ஏறிய ஜோடியின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றுமே, அங்கே இந்தப் பாட்டு வரும்போது அது தன் வேலையைச் செய்தது. 2015-ல் டிஸ்டர்ப்ட் என்ற மெட்டல் குழு அடித்தொண்டையிலிருந்து பாடியது, அதையும் நான் ஏற்றுக்கொள்கிறேன், கடைசி வரை பாடினார்கள். 2011 செப்டம்பர் 11-ல், இரட்டைக் கோபுரம் விழுந்து பத்து வருஷம் கழித்து, அதே இடத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு முன்னால் பால் சைமன் தனியாக நின்று பாடியது இந்தப் பாட்டைத்தான். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் அடித்த காற்றில் பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் அறுபத்திரண்டு தென்னை சாய்ந்தது. கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. ஜெனரேட்டர் வைத்திருந்த வீட்டில் இருபது ரூபாய் கொடுத்து போனுக்கு சார்ஜ் ஏற்றி வருவோம். ஒரு ராத்திரி அப்பா திண்ணையில் தோப்புப் பக்கம் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அந்த இருட்டில் மட்டைச் சத்தம்கூட இல்லை, சத்தம் போட மரம் இல்லை. ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்த போனில் இந்தப் பாட்டைப் போட்டேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மூன்று நிமிஷமும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை போடு" என்றார்.

அந்தப் பாட்டைத்தான் பாயசம் கிடைக்காதவனுக்குப் போடுகிறார்கள்.

பேசாமலே பேசுகிறவர்கள், காதில் வாங்கியும் கேட்காதவர்கள் என்று ஆயிரக்கணக்கான பேரைப் பார்ப்பதாக நடுவில் ஓரிடம் வரும். ஏழு விநாடிக்காரர்கள் அங்கே போய்ச் சேருவதே இல்லை.

அய்யம்பேட்டையில் கிராசிங்குக்காக வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஒற்றைப் பாதை, எதிர் வண்டி போனால்தான் நமக்கு வழி. எஞ்சின் சத்தம் அடங்கி, ஜன்னலுக்கு வெளியே வயல் தவளைச் சத்தம் கேட்க ஆரம்பித்த நேரத்தில் முப்பத்தைந்து, முப்பத்தாறு, முப்பத்தேழு. என் இயர்போனைக் கழற்றி நீட்டினேன். "காது வலிக்கும் தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் காது.

அப்புறம் அவர் போன் அணைந்தது. பேட்டரி காலி. ஐந்து நிமிஷம் யாரும் எதுவும் பேசவில்லை, அந்த ஐந்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"பட்டுக்கோட்டைப் பக்கம்."

"கஜாவுல தென்னை எல்லாம் போச்சே அங்க. திரும்ப வந்துடுச்சா?"

மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தார்கள் என்றேன். அதில் 500 விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்த. முப்பது வருஷம் காய்த்த மரத்துக்குக் கிடைத்தது 600. அவர் உச்சுக்கொட்டினார். "ஆள் கூலிக்கே காணாதே தம்பி அது. கன்னு வச்சா காய்க்க எத்தனை வருஷம்!" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்து கணக்கெடுத்தவர்கள்கூட இதைக் கேட்கவில்லை. மனசு இளகிவிட்டது. அதனால்தான் பவர் பேங்க் இருக்கா என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன்.

பசுபதிகோயில் தாண்டியதும் போன் உயிர்பெற்றது. சேற்றுப் பையன் விழுந்தான். கறுப்பு வெள்ளை. கிட்டார். முப்பத்தெட்டு.

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அடக்கவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. அவரும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டே என் தொடையைத் தட்டினார்.

"சொன்னேன்ல தம்பி, காமெடிப் பாட்டுன்னு."