முதலில் மாஸ்க் பிடிக்கக் கற்றுக்கொடுங்கள்

அனஸ்தீசியா (மயக்கவியல்) எம்.டி. சேர்ந்து இரண்டு மாதம் ஆன பிஜிக்கள், அதாவது பட்டமேற்படிப்பு மாணவர்கள், நான்கு பேர் ஓரிடத்தில் கூடினால் முதலில் வரும் கேள்வி, “இதுவரைக்கும் எத்தனை டியூப் போட்டிருக்க?” என்பதுதான். மயங்கிய நோயாளியின் மூச்சுக்குழலுக்குள் போடும் டியூப்பைச் சொல்கிறார்கள். இருபது என்பவர் நிமிர்ந்து நிற்பார். மூன்று என்பவர் பேச்சை மாற்றுவார். மாஸ்க் எத்தனை பேருக்குப் பிடித்தாய், எவ்வளவு நேரம் பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. லாக்புக்கில் அதை எழுதச் சொல்லி வற்புறுத்துபவர்களும் குறைவு.

இந்த வரிசை தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். மூன்று வருடப் பயிற்சியில் முதல் சில வாரங்களை முகத்தில் வைக்கும் மாஸ்க்குக்கும், அதன் வழியே காற்றை அமுக்கி அனுப்பும் பேகுக்கும் ஒதுக்க வேண்டும். டியூப் போடக் குரல்வளையைக் காட்டும் லாரிங்கோஸ்கோப் அதற்குப் பிறகு வரட்டும். டியூப் ஏறாததால் நோயாளி போவதில்லை, ஆக்சிஜன் ஏறாததால்தான் போகிறார் என்று எங்கள் துறையில் வழிவழியாகச் சொல்வார்கள். வகுப்பில் சொல்கிறோம், தியேட்டரில் அதன்படி நடப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் சாதாரணமாக மூச்சை விட்டு முடித்ததும் நுரையீரலில் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் காற்று மிச்சம் இருக்கும். அறைக் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான் என்பதால் கையிருப்பு அரை லிட்டர்கூடத் தேறாது. உடம்பின் செலவு நிமிடத்துக்குச் சுமார் 250 மி.லி. மருந்து ஏறி மூச்சு நின்றுவிட்டால் ஓரிரு நிமிடத்தில் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம்) சரியத் தொடங்கும். அதே ஆளுக்கு மாஸ்க்கை முகத்தோடு ஒட்டி வைத்து 3 நிமிடம் முழு ஆக்சிஜன் கொடுத்து, வெளிவிடும் மூச்சில் ஆக்சிஜன் 90 சதவீதத்தை எட்டியிருந்தால், கையிருப்பு இரண்டு லிட்டருக்கு மேல் போகும். ஏழெட்டு நிமிடம் தாங்கும். கர்ப்பிணிக்கு இந்தக் கையிருப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைவு, செலவோ அதிகம். பருமனானவருக்கு மூன்று நிமிடம் கிடைத்தாலே பெரிது. கைக்குழந்தை எடைக்கு எடை பெரியவரைப் போல இரண்டு மடங்கு ஆக்சிஜன் செலவழிக்கும்.

இந்த 3 நிமிடத்தை நாம் எப்படிச் செலவிடுகிறோம்? ‘பயப்படுகிறார்’ என்று மாஸ்க்கை முகத்துக்கு ஒரு விரல்கடை மேலே பிடித்துக்கொண்டிருப்பதைப் பல தியேட்டர்களில் பார்க்கலாம். அந்த இடைவெளியில் அறைக் காற்று உள்ளே போகிறது. செய்த வேலை அத்தனையும் வீண். பேக் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி விரிய வேண்டும், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் திரையில் அலை தெரிய வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எங்கோ கசிகிறது. ஃப்ளோவை 10 லிட்டருக்கு ஏற்றி, “அம்மா, இது வெறும் ஆக்சிஜன்தான், நல்லா இழுத்து மூச்சு விடுங்க” என்று காதருகே சொன்னால் முக்கால்வாசிப் பேர் ஒத்துழைப்பார்கள். அவசரமென்றால் ஒரு நிமிடத்தில் எட்டு ஆழ்ந்த மூச்சு.

இப்போது கை. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கின் மேல் வளைந்து உட்காரும். மற்ற மூன்று விரல்களும் கீழ்த்தாடை எலும்பின் மேல் இருக்க வேண்டும். சுண்டுவிரல் காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் கொக்கிபோல் மாட்டும். புதிதாக வருபவர்கள் அத்தனை பேரும் செய்யும் தவறு, மாஸ்க்கை முகத்தின்மேல் அழுத்துவது. அழுத்த அழுத்தத் தாடை பின்னால் போகும், நாக்கு தொண்டையை அடைக்கும், பேக் கல்லாகும். தாடையைத்தான் மாஸ்க்குக்குள் தூக்கிக் கொண்டுவர வேண்டும். அடுத்த தவறு, விரல்கள் எலும்பை விட்டு மோவாய்க்கு அடியிலுள்ள சதையில் பதிவது. பெரியவரிடம் தப்பித்துக்கொள்ளலாம். குழந்தையிடம் அந்த அழுத்தமே நாக்கை அண்ணத்தோடு ஒட்டி வைத்துவிடும்.

கசிவு பெரும்பாலும் வலது கன்னத்தில்தான் வரும், ஏனென்றால் இடது கையின் விரல்கள் அங்கே எட்டுவதில்லை. மாஸ்க்கைச் சற்று அந்தப் பக்கம் சாய்த்தால் சிலருக்குச் சரியாகும். ஆகவில்லையா, கூச்சமே வேண்டாம்: இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பிடியுங்கள், உள்ளங்கையின் மேடுகள் மாஸ்க்கின் இரு ஓரங்களிலும், நான்கு நான்கு விரல்கள் தாடையிலும். பேகை டெக்னீஷியனோ சிஸ்டரோ அமுக்கட்டும். இரண்டு கைப் பிடியைத் தோல்வியின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கடினமான முகத்துக்கு முதலிலேயே செய்ய வேண்டிய வேலை அது.

முகத்தைப் பார்க்கும் முன்பே தலை சரியாக இருக்க வேண்டும். காதுத் துளையும் மார்பெலும்பின் மேல் பள்ளமும் ஒரே மட்டத்தில் வரும்வரை பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். ஒல்லியானவருக்கு ஒரு தலையணை போதும். பருமனானவருக்குத் தோளிலிருந்து தலைவரை மடித்த போர்வைகளைப் படிக்கட்டுபோல் அடுக்க வேண்டும். அதற்கென்று தனிச் சாதனம் தேவையில்லை, வார்டு போர்வையே போதும். மயங்கிய பிறகு நூறு கிலோ ஆளைத் தூக்கி அடுக்க முடியாது என்பதால், அவர் விழித்திருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

பல் இல்லாதவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கன்னம் உள்ளே ஒட்டிப்போய் மாஸ்க் எங்கும் பொருந்தாது. பல்செட் நன்றாகப் பொருந்தி இருக்குமானால் மாஸ்க் பிடிக்கும்வரை வாயிலேயே விட்டுவைத்து, டியூப் போடுவதற்கு முன் கழற்றிக் குடும்பத்தாரிடம் கொடுக்கச் சொல்லலாம். இல்லையென்றால் மாஸ்க்கின் கீழ் விளிம்பைக் கீழுதட்டுக்கு மேலே ஏற்றி வைத்துப் பாருங்கள். பல சமயம் கசிவு அங்கேயே நின்றுவிடும். தாடிக்கு ஜெல்லியைத் தாராளமாகப் பூசுங்கள். வாயில் போடும் ஏர்வேயை உதட்டு ஓரத்திலிருந்து தாடை மூலைவரை வைத்து அளந்து எடுங்கள். சிறியதாக இருந்தால் நாக்கையே பின்னால் தள்ளும், மயக்கம் ஆழமாகும் முன் நுழைத்தால் குரல்வளை இறுகிக்கொள்ளும்.

பேகை எவ்வளவு அமுக்குவது என்பதும் ஒரு பாடம்தான். பேக் இரண்டு லிட்டர், பெரியவருக்கு ஒரு மூச்சுக்குத் தேவை 400 முதல் 500 மி.லி. கால்வாசி அமுக்கி, மார்பு எழும்புகிறதா என்று பார்த்து விட்டுவிட வேண்டும். வால்வை அழுத்தம் 15 முதல் 20 செ.மீ. நீர் அளவைத் தாண்டாதபடி வையுங்கள். தாண்டினால் காற்று வயிற்றுக்குப் போகும். வயிறு உப்பினால் உதரவிதானம் மேலே தள்ளப்படும், நுரையீரலுக்கு இடம் குறையும், அதனால் இன்னும் அமுக்கத் தோன்றும், வயிறு இன்னும் உப்பும். கடைசியில் வாந்தி நுரையீரலுக்குள். அதனால் கண் மார்போடு சேர்த்து மேல்வயிற்றையும் பார்க்க வேண்டும். வலது கைக்குப் பேக் பேசும். குரல்வளை இறுகுவது, நோயாளி தானாக மூச்சுவிட முயல்வது, கசிவு, ஒவ்வொன்றுக்கும் பேகில் ஒரு தனித் தொடுவுணர்வு உண்டு. அதைப் புத்தகத்தில் எழுதிவைக்க முடியாது. நூறு முகங்களைப் பிடித்த கைக்குத் தானாக வந்துவிடும்.

இந்தக் கை ஒரு காலத்தில் எல்லாருக்கும் தானாகவே வந்தது. பிரிட்டனில் ஆர்ச்சி பிரெய்ன் 1981-இல் தொண்டைக்குள் குரல்வளையின் மேல் உட்காரும் லாரிஞ்சியல் மாஸ்க்கை (எல்.எம்.ஏ.) வடிவமைத்தார், 1988-இல் அது சந்தைக்கு வந்தது. அதற்கு முன் அரைமணி, ஒருமணி நேர கேஸ்களை மாஸ்க்கிலேயே முடித்தார்கள். விரல் மரத்துப்போகும், ஆனால் கை பழகிவிடும். இப்போது டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டும்) கேஸுக்குக்கூட அதே வகையைச் சேர்ந்த ஐ-ஜெல் போட்டுவிடுகிறோம். எல்.எம்.ஏ. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய கருவி, அதன்மேல் எந்தக் குறையும் இல்லை. அது பயிற்சியிலிருந்து எடுத்துக்கொண்டதை நாம் வேறு வழியில் திருப்பி வைக்கவில்லை என்பதுதான் குறை.

மாஸ்க் யாருக்கு வராது என்பதை முன்கூட்டியே ஓரளவு சொல்லலாம். 2000-இல் பிரான்ஸில் லாஞ்செரோன் குழுவினர் 1,502 நோயாளிகளைப் பார்த்து ஐந்து அடையாளங்களைச் சொன்னார்கள்: வயது 55-க்கு மேல், பி.எம்.ஐ. 26-க்கு மேல், தாடி, பல் இல்லாமை, குறட்டை. ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு மாஸ்க் சிரமமாக இருந்தது. மாஸ்க் அறவே முடியாமல் போவது மிக அபூர்வம். 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 53,041 பேரில் 77 பேர். மாஸ்க் பழகிய கை இருந்தால் அநேகமாக எல்லாருக்கும் மூச்சு கொடுத்துவிடலாம் என்றுதான் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அறுவைக்கு முந்தைய நாள் ப்ரீ-ஆப் பார்க்கப் போகும் பிஜி வாயைத் திறக்கச் சொல்லி, தொண்டை எவ்வளவு தெரிகிறது என்ற மல்லம்பட்டி மதிப்பை எழுதிவிட்டு வந்துவிடுகிறார். மனைவியிடம் “இவர் குறட்டை விடுவாரா?” என்று கேட்பதில்லை. மறுநாள் காலையில் அந்த ஒரு கேள்விதான் உதவும்.

2005-இல் இங்கிலாந்தில் எலைன் பிரோமிலி என்ற 37 வயதுப் பெண், மூக்கு சம்பந்தப்பட்ட சாதாரண அறுவைக்குப் படுத்தார். இரண்டு குழந்தைகளின் தாய். எல்.எம்.ஏ. பொருந்தவில்லை, மாஸ்க்கிலும் மூச்சு ஏறவில்லை, சாச்சுரேஷன் 40-க்குச் சரிந்தது. அனுபவமிக்க மருத்துவர்கள் டியூப் போடும் முயற்சியிலேயே இருந்துவிட்டார்கள். மூச்சுக்கு வழி செய்யக் கழுத்தில் துளையிடும் கருவிகளைச் செவிலியர் கொண்டுவந்தும் யாரும் எடுக்கவில்லை. பதிமூன்று நாள் கழித்து அவர் இறந்தார். கணவர் மார்ட்டின் விமானி. யாரையும் பழிவாங்கக் கிளம்பாமல், மருத்துவத்தில் மனிதத் தவறுகளைப் பற்றிப் பேச 2007-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அந்த அறையில் இருந்தவர்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. ‘இன்னொரு தடவை பார்ப்போம்’ என்ற எண்ணம் நேரத்தைத் தின்றுவிட்டது. டியூப் எண்ணிக்கையை மரியாதையாக நினைத்துப் பழகும் பிஜிக்கு அந்த எண்ணம் முதல் மாதத்திலேயே விதைக்கப்படுகிறது என்பதுதான் என் கவலை.

டியூப் முயற்சி மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று நம் நாட்டின் கடின மூச்சுவழிச் சங்கமே 2016-இல் எழுதிவைத்திருக்கிறது. முயற்சி நடக்கும்போதும் மூக்கு வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கட்டும் என்கிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவில் மாஸ்க்குக்குத் திரும்ப வேண்டும், அடுத்த முயற்சியில் ஏதாவது ஒன்று மாற வேண்டும்: தலையின் நிலை, லாரிங்கோஸ்கோப் பிளேடு, பூஜி (டியூப்புக்கு வழிகாட்டும் மெல்லிய குச்சி), அல்லது ஆள். எதையும் மாற்றாமல் அதே கையால் அதே பிளேடை மீண்டும் நுழைத்தால் குரல்வளை வீங்குவதுதான் மிச்சம். வீங்கிய பிறகு, முதலில் எளிதாக வந்த மாஸ்க்கும் வராது. விரலில் மாட்டிய, சாச்சுரேஷன் காட்டும் ப்ரோப் அரை நிமிடத்துக்கு மேல் பின்தங்கியே சொல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். திரையில் 90 தெரியும்போது உள்ளே நிலைமை அதைவிட மோசம். 94-இல் பிளேடை எடுத்துவிடுங்கள்.

பேகில் இருப்பது ஆக்சிஜன்தானா என்ற கேள்வியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் பைப்லைனில் வேறு வாயு மாறி இணைக்கப்பட்டிருந்தால் சிலிண்டரைத் திறந்தால் மட்டும் போதாது. சுவரிலிருந்து வரும் அழுத்தம் சிலிண்டர் ரெகுலேட்டர் கொடுப்பதைவிடச் சற்று அதிகம் என்பதால், சுவர்க் குழாயைக் கழற்றும்வரை தவறான வாயுதான் வந்துகொண்டிருக்கும். காலையில் மெஷின் செக் செய்யும்போது கழற்றிப் பார்த்துப் பழகாதவருக்கு, நீலம் பாய்ந்த முகத்தின் முன் இது நினைவுக்கு வராது.

சீனியர்களிடமும் துறைத் தலைவர்களிடமும் கேட்பது இதுதான். முதல் ஆறு வாரம் முதலாண்டு பிஜியைக் குறுகிய கேஸ்கள் உள்ள தியேட்டரில் போடுங்கள். பட்டினி சரியாக இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியும் கேஸை மாஸ்க்கிலேயே முடிக்கவிட்டு, பக்கத்தில் நின்று விரலைத் திருத்துங்கள். மற்ற கேஸ்களில் டியூப்பை இறுதியாண்டுப் பிஜியே போடட்டும், அதற்கு முந்தைய மூன்று நிமிடம் புதியவருடையது. லாக்புக்கில் மாஸ்க்குக்கு ஒரு பத்தி போட்டு, எந்த முகத்தில் சிரமம், என்ன செய்ததில் சரியானது என்று எழுதவையுங்கள். இரவு இரண்டு மணிக்கு உதவி கேட்டு போன் செய்பவரிடம், “இதுக்குமா கூப்பிடுவ?” என்று ஒருமுறை சலித்துக்கொண்டால் போதும், அடுத்த முறை அவர் மூன்றாவது முயற்சி முடிந்த பிறகுதான் கூப்பிடுவார். பயிற்சியின் பகுதியாக மாவட்ட மருத்துவமனையில் 3 மாதம் இருக்கப் போகிறவர் அவர், அங்கே மாடியிலிருந்து இறங்கி வர இத்தனை ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

கழுத்தில் துளையிடுவதையும் முதல் வருடத்திலேயே கையில் கொடுங்கள். 10-ஆம் எண் அறுவைக் கத்தி பிளேடு, பூஜி, 6 அளவு டியூப், மூன்றையும் ஒரே கவரில் போட்டு டிராலியில் ஒட்டி வைக்கலாம். பழகுவதற்குக் கறிக்கடையில் சொல்லிவைத்தால் ஆட்டு மூச்சுக்குழல் கிடைக்கும், ஒரு மதியத்தில் பத்துப் பேர் செய்து பார்த்துவிடலாம்.

ஆறு வாரம் முடிந்ததும் டியூப் போடச் சொல்லிச் சோதிக்காதீர்கள். பல் இல்லாத, குறட்டை விடும் ஒரு தாத்தாவுக்கு ஐந்து நிமிடம் மாஸ்க் பிடிக்கச் சொல்லுங்கள். மார்பு எழும்புகிறதா, வயிறு உப்பாமல் இருக்கிறதா, கைமாற்றி இரண்டு கைப் பிடிக்குப் போகத் தயங்குகிறாரா என்று பாருங்கள். அதில் தேறியவர் கையில் லாரிங்கோஸ்கோப்பைக் கொடுங்கள்.