ஸ்பான்சர் யாருன்னு கேக்காதீங்க, பதிவு எங்கேன்னு கேளுங்க

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் அல்சூரில் ஒரு தர்ஷினி டிபன் கடையில் என் காலேஜ் ஜூனியர் தம்பி ஒருவனைப் பார்த்தேன். சேலம் பக்கத்துப் பையன். பல் மருத்துவப் பட்டமான பிடிஎஸ் முடித்து நாலு வருஷமாகப் பெங்களூரில் வேலை. உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, தண்ணி படாத இடமாகப் பார்த்து மேசை மேல் வைத்தான். "அக்கா, யூகே ஆஃபர் வந்திருக்கு. ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

தலைப்பில் ஒரு பல் மருத்துவமனைப் பெயர், பளபளவென்று ஒரு லோகோ. பதவி டென்டிஸ்ட் என்று போட்டிருந்தது. கீழே தொடர்புக்குக் கொடுத்திருந்த மின்னஞ்சல் ஜிமெயில். அவனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "தம்பி, நீ ஓஆர்இ எழுதினியா?" வெளிநாட்டில் படித்த பல் டாக்டர்கள் யூகேவில் பதிவு வாங்க எழுதும் தேர்வு அது. இல்லை என்று தலையாட்டினான். "அங்க போயி எழுதிக்கலாம்னு சொன்னாங்கக்கா."

அம்மாவின் வளையலை அடகு வைத்து 3,40,000 ரூபாய் கட்டியிருக்கிறான். மூன்று தவணை. எனக்கு அதற்கப்புறம் காபி இறங்கவில்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. "விசா ஸ்பான்சர் பண்ற கிளினிக் தெரியுமா அக்கா" என்று வாரத்துக்கு ஒருத்தராவது கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியை முதலில் கேட்பதே தப்பு. நம்ம தொழிலில் வேலை கொடுப்பவர் கடைசியில்தான் வருவார். முதலில் வர வேண்டியது அந்த நாட்டுக் கவுன்சிலின் பதிவேடு. அதில் பேர் ஏறாதவரை அங்கே நாம் டாக்டர் இல்லை. டாக்டர் இல்லாதவருக்கு டாக்டர் வேலையை எந்தக் கிளினிக்காலும் கொடுக்க முடியாது, அந்த ஓனர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

யூகேவில் அந்தப் பதிவேடு ஜெனரல் டென்டல் கவுன்சிலிடம். இந்திய பிடிஎஸ்ஸை வைத்துக்கொண்டு நேரே உள்ளே போக முடியாது. ஓஆர்இ இரண்டு பகுதி. முதல் பகுதி கம்ப்யூட்டரில் இரண்டு தாள். இரண்டாவது பகுதியில் பொம்மைத் தலையில் செய்முறை, ஓஸ்கி (ஒவ்வொரு மேசையாகப் போய்ச் செய்துகாட்டும் தேர்வு), நோயறிந்து சிகிச்சை திட்டமிடுதல், அவசர சிகிச்சை என்று நாலு தேர்வு. இங்கிலாந்து ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்தும் எல்டிஎஸ் தேர்வு இன்னொரு வழி. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் என்றால் மொத்தத்தில் 7, எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது.

நான் முதல் பகுதியை 2019இல் முடித்தேன். 2020இல் கொரோனா வந்து தேர்வையே நிறுத்திவிட்டார்கள், 2022இல்தான் மறுபடி ஆரம்பித்தது. நடுவில் எனக்கு மகள் பிறந்தாள். ராத்திரி அவள் தூங்கினபிறகு, கம்மனஹள்ளி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பேன்டம் ஹெட்டை, அதாவது அந்தப் பொம்மைத் தலையை, கிளாம்ப் போட்டு இறுக்கி, பிளாஸ்டிக் பல்லில் கிரவுன் பிரிப்பரேஷன் (உறை மாட்டுவதற்காகப் பல்லைச் செதுக்குவது) பழகுவேன். பல் குடையும் ஹேண்ட்பீஸ் சத்தம் கேட்கக் கூடாது என்று ஃபேனை அஞ்சில் வைப்பேன். பிளாஸ்டிக் பல் நிஜப் பல் மாதிரி இல்லை, ஹேண்ட்பீஸ் முனையில் இருக்கும் பர் வழுக்கும். பக்கத்துப் பல்லில் மயிரிழை உரசினால் போச்சு, அந்தப் பல்லைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து. காலையில் மேசைத் துணியில் வெள்ளைப் பொடி இருக்கும். என் மாமியார் ஒரு வார்த்தை சொல்லாமல் துடைத்துவிட்டு இட்லித் தட்டை வைப்பார். அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடனை எதைக் கொடுத்தும் அடைக்க முடியாது. இரண்டாம் பகுதிக்கு இடம் திறந்த சில நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இடம் கிடைத்து 2023இல் லண்டன் போனேன், பொம்மைத் தலைத் தேர்வில் தோற்றேன். அடுத்த வருஷம் பாஸ்.

பாஸ் பண்ணின பிறகுதான் வேலைச் சங்கதியே புரிந்தது. அங்கே கிளினிக்குகளில் வேலை செய்யும் அசோசியேட்டுகள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள் இல்லை, சுயதொழில் கணக்கில் இருப்பவர்கள். ஸ்கில்ட் வொர்க்கர் விசாவோ முதலாளி, சம்பளம், வேலை ஒப்பந்தம் என்ற கணக்கில் ஓடுவது. ஸ்பான்சர் லைசென்ஸும் இருந்து, சம்பளத்துக்கும் எடுக்கத் தயாராக இருக்கும் கிளினிக்கைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் நோயாளிகளைப் பார்க்க, அவர்களுடைய பெர்ஃபார்மர்ஸ் லிஸ்ட் என்ற பட்டியலில் வேறு ஏற வேண்டும், அதற்கு ஆரம்பத்தில் மேற்பார்வைக்கு ஒருவர் வேண்டும். லண்டனையே பிடித்துக்கொண்டு தொங்கினால் நடக்காது. பல் டாக்டர் கிடைக்காத கடலோரச் சிற்றூர்களும் கிராமப்புறமும்தான் நம்மைக் கூப்பிடும். அங்கே பல் டாக்டருக்குத் தேவை இல்லாமல் இல்லை. 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் ஒரு கிளினிக் புதிதாக என்ஹெச்எஸ் நோயாளிகளைச் சேர்க்கிறது என்றதும் நூற்றுக்கணக்கில் ஜனம் வரிசையில் நின்று போலீஸ் வந்த கதை ஊருக்கே தெரியும். அந்த வரிசையைக் காட்டித்தான் இங்கே உங்களிடம் பணம் கேட்கிறார்கள்.

தம்பி கதைக்கு வருகிறேன். அங்கேயே உட்கார்ந்து போனில் பிரிட்டிஷ் அரசின் ஸ்பான்சர் பட்டியலைத் திறந்தோம். லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பெயர் எல்லாம் அதில் இருக்கும், யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அந்த மருத்துவமனைப் பெயர் அதில் இல்லை. கன்சல்டன்சிக்குப் போன் போட்டான். "அப்படின்னா முதல்ல கேர் வொர்க்கரா போங்க, அங்க போயி மாத்திக்கலாம்" என்று பதில். முதியோரையும் நோயாளிகளையும் பராமரிக்கும் கேர் வொர்க்கர்களை வெளிநாட்டிலிருந்து எடுக்கும் வழியை 2025 ஜூலை 22இலேயே யூகே மூடிவிட்டது. மூடின கதவுக்கு டிக்கெட் விற்கிறார்கள்.

காசு விஷயத்தை அடித்துச் சொல்கிறேன். யூகேவில் வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் செய்ய முதலாளி அரசுக்குக் கட்ட வேண்டிய இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜை உங்கள் தலையில் கட்டக் கூடாது, அது அவர்கள் சட்டம். நம்ம ஊரில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் 1983 எமிக்ரேஷன் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். நம்ம அரசின் இமைக்ரேட் தளத்தில் பேரைப் போட்டுப் பார்க்கலாம். சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி, அவ்வளவுதான் உச்சவரம்பு. லட்சத்தில் பேசுகிறவரிடம் எழுந்து வந்துவிடுங்கள்.

எல்லா நாட்டுக்கும் ஸ்பான்சர் தேவையும் இல்லை. ஆஸ்திரேலியாவில் டென்டல் கவுன்சிலின் எழுத்துத் தேர்வையும் மெல்பர்ன் செய்முறைத் தேர்வையும் தாண்டினால், முதலாளி இல்லாமலே பாயின்ட்ஸ் கணக்கில் விசாவுக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. கனடாவில் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்றத் திட்டத்தின் மருத்துவப் பிரிவில் பல் மருத்துவர் உண்டு. ஆனால் பிஆர் (நிரந்தர வசிப்புரிமை) கிடைத்தாலும் ஏஎஃப்கே, ஏசிஜே, என்டிஇசிசி என்ற தேர்வுகளை எல்லாம் முடிக்காமல் ஒரு பல்லையும் தொட முடியாது. அமெரிக்கா என்றால் பெரும்பாலும் மறுபடி இரண்டு மூன்று வருஷம் காலேஜ், அந்தக் கடனை நினைத்தால் எனக்கே கை நடுங்கும். வீட்டு நிலைமை அவசரம் என்றால் வளைகுடா நாடுகள்தான் சீக்கிரம். லைசென்ஸுக்கான புரோமெட்ரிக் தேர்வு, சான்றிதழ்களை உண்மையா என்று பார்க்கும் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு, பிறகு வேலை.

அந்த டேட்டாஃப்ளோவில்தான் பெங்களூர் பிள்ளைகள் மாட்டுவது. 2013இல் மாரத்தஹள்ளியில் எனக்கு முதல் சம்பளம் மாசம் 12,000, கவரில் பணமாக. வேலை நியமனக் கடிதம் கிடையாது, பேஸ்லிப் கிடையாது. நானும் கேட்கவில்லை, கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று பயம். ஆறு வருஷம் கழித்து அந்த அனுபவத்தை நிரூபிக்கப் போனேன். அந்த இடத்தில் மொபைல் கடை இருந்தது. ஓனர் போனை எடுக்கவில்லை. மூன்று வருஷ உழைப்பு, காகிதத்தில் இல்லை. டேட்டாஃப்ளோ நம்மிடம் கேட்பதில்லை, சான்றிதழ் கொடுத்த இடத்துக்கே நேரே எழுதிக் கேட்கும். "அனுபவச் சான்றிதழ் நாங்களே ரெடி பண்றோம்" என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். போலி என்று பிடிபட்டால் கதவு ஒரேயடியாகச் சாத்திக்கொள்ளும்.

இப்போது எங்கே வேலை செய்கிறீர்களோ அங்கேயே நாளைக்குப் போய் நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்துவிட்டு இங்கே கர்நாடகக் கவுன்சிலுக்கு மாறாமலே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அதை முதலில் சரி செய்யுங்கள். நம் பதிவில் குறை எதுவும் இல்லை என்று கவுன்சில் கொடுக்கும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கு ஆயுள் மாசக் கணக்குதான், அதனால் அதை மட்டும் கடைசியில் வாங்குங்கள். மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இனிஷியல் இருந்தால் இப்போதே திருத்துங்கள். நம்ம தமிழ்ப் பெயரில் இனிஷியலை விரித்து எழுதுவதில் எத்தனை பேருக்கு மாசக்கணக்கில் தாமதமானது என்பது எனக்குத் தெரியும்.

தம்பி மறுநாளே என்னோடு காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தான். பணம் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. ஐஇஎல்டிஎஸ் புத்தகங்களை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். விசாவுக்கு முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் எண் எனக்குப் போன மாசம் வந்தது, இங்கிலாந்தில் நார்ஃபோக் பக்கம் ஒரு சின்ன ஊர். பேன்டம் ஹெட்டைப் பெட்டியில் போடப் போவதில்லை. அது இந்த வாரம் அவன் ரூமுக்குப் போகிறது, கிளாம்ப்போடு.